கஸ்பார் வீட்டுக்கு நங்கூரம்

ஆமைக்கால் துறையில் தோணிக்காரர்கள் நாலு பேர் இருந்தார்கள். நாலு பேரும் ரொம்ப நல்லவர்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல வாய்ப்புக் கிடைக்காது.

தலைவர் தண்டல் கஸ்பார். தோணியை நடத்துகிறவரை அந்தக் கரையில் தண்டல் என்பார்கள். அவருக்குக் கீழே தொம்மை, இஞ்ஞாசி, சந்தியாகு என்று மூன்று கலாசிகள். சொன்ன வேலையைச் சொன்னபடி செய்வதில் இவர்களை மிஞ்ச ஆள் கிடையாது. சிக்கலே அதில்தான்.

போன மழைக்காலம் வரைக்கும் இவர்கள் கையில் ஒரு பாய்த்தோணி இருந்தது. கடல் தாண்டிச் சரக்கு ஏற்றிப்போய் வந்த தோணி. ஒருநாள் முதலாளி வந்து பார்த்தார். தோணி தண்ணீரில் அமுங்கி நின்றது. "பாரம் ஜாஸ்தியா இருக்கே கஸ்பாரு. எறக்கிருங்க" என்று சொல்லிவிட்டு ஊருக்குப் போய்விட்டார்.

இவர்கள் சரக்கை இறக்கினார்கள். தோணி கொஞ்சம் மேலே வந்தது. அடிப்பாரத்துக்குப் போட்டிருந்த கற்களை இறக்கினார்கள். இன்னும் கொஞ்சம் வந்தது. இறக்க இறக்க மேலே வருகிறதே என்ற உற்சாகத்தில் பாய்மரத்தை இறக்கினார்கள், சுக்கானை இறக்கினார்கள், பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி இறக்கினார்கள். கடைசிப் பலகை கரைக்கு வந்த அன்று முதலாளி திரும்பி வந்து, "எலே, தோணி எங்கல?" என்று கேட்டார். கஸ்பார் வெறும் தண்ணீரைக் காட்டி, "இப்ப துளி பாரம் கெடையாது முதலாளி" என்றார்.

அதற்குப் பிறகு அந்தக் கரையில் ஒருவரும் இவர்களைத் தோணியில் ஏற்றவில்லை.

கஸ்பாருக்கு இது தாங்க முடியாத துக்கம். மீசை முளைக்கும் முன்பே கடலுக்குப் போனவர். இப்போது விடிந்ததும் துறைக்குப் போவார். ஊரான் தோணிகள் கட்டியிருக்கும் கயிறுகளை ஒரு தடவை தொட்டுப் பார்ப்பார். பிறகு தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். மடையன்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனாலும் அப்படி அவரைப் பார்க்கும்போது எனக்கே மனசு கஷ்டப்படும்.

அவரைவிட அதிகத் துக்கம் அவர் மனைவி பிரகாசிக்கு. கலாசிகள் மூன்று பேரும் தண்டலை விட்டுப் பிரிய மாட்டோம் என்று அவள் வீட்டிலேயே கிடந்தார்கள். துணி காயப்போடும் கொடியில் ஒருவரும் அவிழ்க்க முடியாத முடிச்சுகளைப் போட்டார்கள். அவள் கூட்டிப் பெருக்கி முடித்ததும், "தளம் கழுவணும் மதினி" என்று வாளி வாளியாகத் தண்ணீரை ஊற்றினார்கள். முறை வைத்துக் காவல் காத்தார்கள். முறை மாறும்போது மணி அடிக்க வேண்டுமே, மணி இல்லாததால் அவளுடைய கல்யாணத் தாம்பாளத்தைக் கரண்டியால் அடித்தார்கள்.

"மாதாவே, இந்த நாலு பேரையும் ஏதாவது ஒரு தோணியில ஏத்திவிடு. வேற ஒண்ணும் கேக்க மாட்டேன்" என்பதுதான் பிரகாசியின் ஜெபம்.

மாதா கேட்டுவிட்டாள் என்றுதான் முதலில் தோன்றியது. கோரிமுனையிலிருந்து ஓடு ஏற்றிக்கொண்டு ஒரு தோணி வந்து துறையில் கட்டியது. அதன் தண்டல் சிலுவைராயன். கூட இருந்தது சமையல்காரன் தஸ்நேவிஸும் இரண்டு கலாசிகளும்தான். மீதி நாலு பேர் ஒரு கல்யாணத்துக்கென்று போனவர்கள் திரும்பவே இல்லையாம். சரக்கு இறக்கியாயிற்று. மறுநாள் கிளம்ப வேண்டும். நாலு ஆள் வேண்டும் என்று சிலுவைராயன் கோயில் வாசலில் விசாரித்தது பிரகாசி காதில் விழுந்தது. அவள் ஓட்டமாக வீட்டுக்கு வந்தாள்.

கடல்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. எந்தத் துறையில் தோணி கட்டினாலும் அந்த ஊர்க் கடல்காரர்கள் வந்தவர்களைத் தங்கள் வீட்டுக்குக் கூட்டிப்போவார்கள். நல்ல தண்ணீரில் குளிக்கவைத்து, மீன் பொரித்துச் சுடுசோறு போட்டு, ஆடாத கட்டிலில் படுக்கவைப்பார்கள். தோணியில் கிடைக்காதவை இந்த மூன்றும்தானே. வயிறு குளிர்ந்த தண்டல் கேட்டதைச் செய்வார் என்பதும் எல்லாருக்கும் தெரியும்.

பிரகாசி ஒரு ஆள் நீளத்துக்கு நெய்மீன் வாங்கினாள். பானைகளில் நல்ல தண்ணீர் நிரப்பினாள். கட்டில்களுக்கு வெளுத்த விரிப்புப் போட்டாள். எட்டுப் பேருக்குச் சோறாக்க அண்டாதான் இல்லை. அது பக்கத்து ஊரில் அவள் தங்கச்சி வீட்டில் இருந்தது.

"இங்க பாருங்க, நான் பஸ்ஸுல போயி அண்டாவை எடுத்துட்டு சாயங்காலம் வந்துருதேன். மீனை வந்து நானே பொரிக்கேன். நீங்க போயி அவுகளைக் கூட்டிட்டு வாங்க. வேற ஒரு வேலையும் செய்ய வேண்டாம்."

"சரி" என்றார் கஸ்பார்.

"அவுக கூச்சப்படாம இருக்கணும். ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க. தோணியில எப்படி இருப்பாகளோ அப்படியே நம்ம வீட்டுலயும் இருக்கணும். ஒரு வித்தியாசம் தெரியப்படாது. இது ஒண்ணைச் சரியாச் செஞ்சா போதும், நாலு பேரும் நாளைக்குக் கடல்ல இருப்பீங்க."

சொல்லிவிட்டு அவள் பஸ் ஏறினாள். பாவம், கூட்டிட்டு வாங்க என்பதோடு அவள் நிறுத்தியிருக்கலாம்.

நாலு பேரும் நடுவீட்டில் வட்டமாக உட்கார்ந்தார்கள்.

"எலே, இது விளையாட்டில்ல. இந்தத் தடவை ஒழுங்காச் செய்யணும். வீட்டுக்கும் தோணிக்கும் என்னென்ன வித்தியாசம்? ஒவ்வொண்ணாச் சொல்லுங்க" என்றார் கஸ்பார்.

தொம்மை வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தான். "வீட்டுக்கு வாசல் இருக்கு தண்டலே. தோணிக்கு ஏது வாசல்?"

எல்லாரும் திடுக்கிட்டார்கள். இத்தனை வருஷம் அந்த வாசல் வழியாகவே போய்வந்தும் இது ஒருவர் கண்ணிலும் படவில்லை. உடனே முன்கதவைச் சாத்தி, குறுக்கே பலகை வைத்து ஆணி அடித்தார்கள். ஜன்னல் கம்பிகளைப் பிடுங்கி அதற்கு ஏணி சாத்தினார்கள். தோணியில் ஏறுவதென்றால் பக்கவாட்டில்தானே ஏற வேண்டும்.

"தோணிக்கு அணியம் ஒண்ணு இருக்கும். முன்பக்கம். இந்த வீட்டுக்கு முன்பக்கம் எது?" என்று கேட்டான் இஞ்ஞாசி.

"வாசல் இருந்த பக்கம்."

"அதைத்தான் அடைச்சாச்சே. இப்ப அது வாசலே இல்லியே."

இதில் வெகுநேரம் வாக்குவாதம் நடந்தது. கடைசியில் தொம்மைதான் தீர்த்துவைத்தான். "அடுப்படி இருக்கிறதுதான் பின்பக்கம். மதினி அங்கன நின்னுதான் நம்மளை எல்லாம் அங்கிட்டும் இங்கிட்டும் திருப்புதாக. அப்ப சுக்கான் அங்கனதான் இருக்கணும்." இதைவிடத் தெளிவாக ஒருவரும் சொல்ல முடியாது என்று கஸ்பார் அவன் முதுகில் தட்டினார்.

சந்தியாகு மீனைப் பார்த்துக்கொண்டே நின்றான். "தண்டலே, தோணியில மீனு எங்க இருக்கும்?"

"தண்ணியில."

"இது உறியில தொங்குதே."

கஸ்பாருக்கு வேர்த்துவிட்டது. இப்படிப்பட்ட தவறுகளால்தான் பிழைப்புப் போகிறது என்று சொல்லி, நெய்மீனை எடுத்துக் கொல்லைக் கிணற்றில் போடச் சொன்னார். தொப்பென்று விழுந்தது. பானைத் தண்ணீரையும் கொட்டிவிட்டார்கள். தோணியில் ஆளுக்கு ஒரு சிரட்டைத் தண்ணீர்தான் அளவு.

வீடு தயார். விருந்தாளிகளை அழைத்துவர நாலு பேரும் ஒரு வடக்கயிற்றோடு துறைக்குப் போனார்கள்.

"வாரும் வே வாரும்!" என்று கையைப் பிடித்துக் குலுக்கிய கஸ்பார், அப்படியே சிலுவைராயன் இடுப்பில் கயிற்றைச் சுற்றி முடிச்சுப் போட்டார்.

"என்னவே இது?"

"உமக்குப் புது ஊரு. வழி தெரியாம எங்கயாவது தரை தட்டிரும். புதுத் துறைக்கு வார தோணியைக் கயிறு போட்டுத்தானே இழுத்துட்டு வரணும்?"

சிலுவைராயன் யோசித்தார். "நியாயந்தான். நல்லாத் தொழில் பழகுன ஆளுதான் நீரு."

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஆமைக்கால் துறைக்கும் கோரிமுனைக்கும் நடுவில் பல நாள் கடல் இருக்கிறது. அறிவில் மட்டும் இரண்டு ஊருக்கும் நடுவில் ஒரு விரல்கடை இடைவெளிகூடக் கிடையாது.

கோரிமுனைக்காரர்கள் நாலு பேரும் ஒரே கயிற்றில் வரிசையாகத் தெருவில் வந்தார்கள். முனையில் ஒரு மாடு குறுக்கே நின்றது. "எதிர்ல தோணி! வலப்பக்கம் திருப்பு!" என்று இஞ்ஞாசி கத்தினான். எல்லாரும் வலப்பக்கம் திரும்பி ஒரு வேலியில் விழுந்தார்கள். மாடு ஒன்றும் செய்யாமல் போய்விட்டது. "தப்பிச்சோம் வே" என்றார் சிலுவைராயன், முள்ளைப் பிடுங்கிக்கொண்டே.

ஏணியில் ஏறி, ஜன்னல் வழியாகத் தலைகுப்புற வீட்டுக்குள் விழுந்ததும் அவருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. "சொந்தத் தோணியில ஏறுன மாதிரியே இருக்கு" என்றார். கஸ்பார் தன் ஆட்களைப் பெருமையாகப் பார்த்தார்.

குளியல் என்று சொல்லி ஆளுக்கு ஒரு சிரட்டைத் தண்ணீர் கொடுத்தார்கள். சாப்பாடு என்று சொல்லிக் கஞ்சியும் கருவாடும் வைத்தார்கள். சமையல்காரன் தஸ்நேவிஸுக்கு மட்டும் கண் கலங்கியது. அவன் ஒரு மாதமாகக் கஞ்சியும் கருவாடும் ஆக்கி, கஞ்சியும் கருவாடும் தின்று, கரை ஏறினால் பொரித்த மீன் கிடைக்கும் என்று கனவு கண்டுகொண்டிருந்தவன்.

"மீனு கெடையாதா அண்ணாச்சி?" என்று மெதுவாகக் கேட்டான்.

"ஏன் கெடையாது? தண்ணி நெறைய மீனுதான். வேணும்னா பிடிச்சுக்கோ" என்று தொம்மை ஒரு தூண்டிலைக் கொடுத்துக் கிணற்றைக் காட்டினான்.

தஸ்நேவிஸ் கிணற்று விளிம்பில் போய் உட்கார்ந்தான். மத்தியானம் வரைக்கும் அசையவில்லை. திடீரென்று தூண்டில் கனத்தது. இழுத்தான். ஒரு ஆள் நீள நெய்மீன் மேலே வந்தது. அவன் போட்ட கூச்சலில் எல்லாரும் ஓடி வந்தார்கள்.

"கெணத்துல நெய்மீனு! என் ஆயுசுல பாத்ததில்ல!"

சிலுவைராயன் குனிந்து மீனின் கண்ணைப் பார்த்தார். "செத்து ரொம்ப நேரமான மாதிரி இருக்கே."

"ஆழம் அதிகம் வே, மேல வாரதுக்குள்ள செத்துருக்கும்" என்றார் கஸ்பார்.

ஆழமான கிணறுதான் என்று சிலுவைராயனும் ஒப்புக்கொண்டார். மீனைப் பொரிக்கலாமா என்று தஸ்நேவிஸ் கேட்டதற்கு, தோணியில் பிடித்த மீனை உப்புப் போட்டுக் காயவைப்பதுதான் வழக்கம் என்று சந்தியாகு அதை வாங்கிக் கூரைமேல் காயப்போட்டுவிட்டான். தஸ்நேவிஸ் அன்றைக்கு இரண்டாவது தடவையாக அழுதான்.

மீன் கூரை ஏறிய பிறகு சிலுவைராயன் கட்டிலில் சாய்ந்தார். சாய்ந்த வேகத்தில் எழுந்தார்.

"என்ன வே, சரியில்லையா?" என்று கஸ்பார் பதறினார்.

"ஒண்ணுமில்ல. ரொம்ப நாள் தோணியில இருந்துட்டு வந்தமா, தரை ஆடுது. கரைக்கு வந்தா எனக்கு எப்பவும் இப்படித்தான்."

கஸ்பார் தன் ஆட்களை அடுப்படிக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். அவர் முகம் வெளுத்திருந்தது. "கேட்டீங்களால? வித்தியாசம் தெரிஞ்சு போச்சு!"

"தோணி ஆடும்போது அவருக்கு ஆடல. தரை ஆடாம இருக்கும்போது ஆடுது" என்று இஞ்ஞாசி விரலை மடக்கி மடக்கி யோசித்தான். "அப்ப நாம தரையை ஆட்டுனோம்னா அவருக்கு ஆடாது."

"வீட்டை எப்படில ஆட்ட?" என்றான் தொம்மை.

"வீட்டை ஆட்ட வேண்டாம். கட்டிலை ஆட்டுனா போதும்."

நாலு கட்டில்களையும் கயிறு போட்டு உத்தரத்திலிருந்து தொங்கவிட்டார்கள். விருந்தாளிகளை ஏற்றிப் படுக்கவைத்து, தொம்மையும் இஞ்ஞாசியும் இரண்டு பக்கமும் நின்று ஆட்டினார்கள். சுவரில் இடித்து இடித்துத் திரும்பும் அளவுக்கு ஆட்டினார்கள். வாழ்நாளில் கடலில் ஒரு தடவைகூட வாந்தி எடுக்காத கோரிமுனைக்காரர்கள் வரிசையாக எடுத்தார்கள்.

"இப்ப எப்படி இருக்கு வே?" என்று கேட்டார் கஸ்பார்.

"இப்ப தரை ஆடல" என்றார் சிலுவைராயன் வாயைத் துடைத்துக்கொண்டு, மிகுந்த நன்றியோடு.

இத்தோடு விட்டிருந்தால்கூட அண்டா வரும்வரை சமாளித்திருக்கலாம். ஆனால் சந்தியாகுக்கு மனசு ஆறவில்லை. இவ்வளவு ஆடுகிற கடலில் அலை இல்லாமல் இருக்குமா என்று யோசித்தான். கூரைமேல் ஏறி நாலு ஓடுகளைப் பிரித்தான். பிரகாசியின் உப்புச் சாடியை அப்படியே வாளித் தண்ணீரில் கவிழ்த்துக் கலக்கினான். சிலுவைராயன் முகத்துக்கு நேராகக் குறிபார்த்து ஊற்றினான்.

சிலுவைராயன் நல்ல தூக்கத்தில் இருந்தார். உப்புத் தண்ணீர் மூக்கில் ஏறியதும் முப்பது வருஷத் தண்டல் உத்தியோகம் அவருக்குள் விழித்துக்கொண்டது. கட்டிலிலிருந்து குதித்தார்.

"எலே! தண்ணி ஏறுது! எல்லாரும் எந்திரிங்கல! எறைங்கல!"

அடுத்த வாளி விழுந்தது. அதற்கடுத்ததும் விழுந்தது. எட்டுப் பேரில் ஏழு பேர் சட்டி, பானை, தாம்பாளம் என்று கையில் கிடைத்ததை எடுத்துத் தண்ணீரை அள்ளி ஜன்னல் வழியாக வெளியே இறைத்தார்கள். எட்டாவது ஆளான சந்தியாகு வெளியே வந்து விழுந்த தண்ணீரைத் திரும்பக் கிணற்று வாளியில் பிடித்துக் கயிறு போட்டுக் கூரைக்கு ஏற்றினான். அவன் கெட்டிக்காரன், தண்ணீரை வீணாக்க மாட்டான்.

"சுக்கான்ல யாருல?" என்று கத்தினார் சிலுவைராயன்.

"ஒருத்தரும் இல்ல வே!"

"ஆளில்லாமலா தோணி ஓடுது? நீரு போயி பிடியும்!"

கஸ்பார் நின்ற இடத்தில் நின்றுவிட்டார். தலையில் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. "நானா? எனக்கு... எனக்கு வேலை தாரீரா வே?"

"தந்தாச்சு வே! உமக்கும் தந்தாச்சு, உம்ம ஆளுகளுக்கும் தந்தாச்சு! முதல்ல போயி பிடியும்!"

அடுப்படிப் பின்கதவில் இஞ்ஞாசி ஒரு உலக்கையைக் கட்டிவைத்திருந்தான். கஸ்பார் அதை இரண்டு கையாலும் பிடித்தார். பிடித்ததும் அவருக்கு அழுகை வந்துவிட்டது. எத்தனை மாதத்துக்குப் பிறகு ஒரு தண்டல் அவரைப் பார்த்து அதட்டுகிறார்! கதவு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வந்தது. அவர் அழுதுகொண்டே அதைத் திருப்பினார். சும்மா சொல்லக் கூடாது, அந்தக் கதவை அவ்வளவு நேர்த்தியாக ஒருவரும் திறந்து மூடியதில்லை.

கிணற்று வாளியின் கயிறு அறுந்ததும் புயல் ஓய்ந்தது.

சிலுவைராயன் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு வீட்டைச் சுற்றிப் பார்த்தார். சுவர்களைத் தட்டிப் பார்த்தார். "உம்ம தோணி நல்ல உறுதி வே. இம்புட்டுத் தண்ணி ஏறியும் முங்கல. என் தோணியா இருந்தா இந்நேரம் அடியில போயிருக்கும். இதுலயே போயிருவோம். ஆனா பாய் எங்க? கயிறு எங்க? நங்கூரத்தைக்கூடக் காணமே."

கஸ்பாருக்கு வெட்கமாகப் போய்விட்டது. "நம்மகிட்ட கெடையாது."

"என்கிட்ட இருக்கு. துறையில கட்டியிருக்கிற என் தோணியில எல்லாம் சும்மாதானே கெடக்கு. எடுத்துட்டு வாங்கல."

ஏழு பேரும் துறைக்குப் போனார்கள். கஸ்பார் மட்டும் உலக்கையை விட்டு வரமாட்டேன் என்றுவிட்டார். தோணியிலிருந்து பாய்மரத்தைக் கழற்றினார்கள், பாயைச் சுருட்டினார்கள், நங்கூரத்தைத் தூக்கினார்கள். தோணியைத் துறைக் கல்லோடு கட்டியிருந்த வடங்களை மறக்காமல் அவிழ்த்துச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டார்கள். தோணி காலியாகிவிட்டது.

வீட்டுக் கூரை நடுவில் பாய்மரம் நட்டார்கள். பாயைக் கட்டினார்கள். நங்கூரத்தைக் கொல்லையில் குழி தோண்டிப் போட்டு, வடத்தை உத்தரத்தோடு பிணைத்தார்கள்.

"முப்பது வருஷமா நங்கூரம் இல்லாமத்தானே இந்த வீடு நிக்குது?" என்று தொம்மை கேட்டான்.

"இத்தனை நாளும் பாய் கெடையாதுல்ல? இப்ப பாய் கட்டியாச்சு. நங்கூரம் போடாம விட்டா எங்கயாவது போயிரும். பொறவு மதினி வந்து எங்கன எறங்குவாக?" என்றான் இஞ்ஞாசி. தொம்மைக்கு உடம்பு சிலிர்த்தது.

கச்சான் காற்று கரையிலிருந்து கடலைப் பார்த்து அடித்துக்கொண்டிருந்தது. பாய் விம்மிப் புடைத்தது. ஓடுகள் கடகடவென்று ஆடின. ஏழு பேரும் கூரைமேல் வரிசையாக உட்கார்ந்தார்கள். கஸ்பார் கீழே உலக்கையைப் பிடித்துக்கொண்டு, "கெளம்பிருச்சா? கெளம்பிருச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

கிளம்பவில்லை. பக்கத்து வீட்டு முருங்கை மரம் இருந்த இடத்திலேயே இருந்தது.

"ஏன்வே போக மாட்டேங்குது?" என்றார் சிலுவைராயன்.

கூரைமேல் ஆலோசனை நடந்தது. கடைசியில் தஸ்நேவிஸ்தான் கண்டுபிடித்தான். "தண்டலே, நங்கூரம் போட்டிருக்கே."

எல்லாரும் நெற்றியில் அடித்துக்கொண்டார்கள். சந்தியாகு ஓடிப்போய்க் குழியிலிருந்து நங்கூரத்தை எடுத்தான். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்தார்கள்.

அங்கே துறையில், கட்டிவைக்க ஒரு கயிறுகூட இல்லாத தோணி ஒன்று மெல்ல மெல்லப் பின்னால் போய்க்கொண்டிருந்தது.

"போவுது! போவுது!" என்று தொம்மை குதித்ததில் இரண்டு ஓடு உடைந்தது. "அந்தத் தோணி பின்னால போவுது பாருங்க! நாம கெளம்பிட்டோம்!"

கஸ்பாரால் கீழே இருக்க முடியவில்லை. உலக்கையைக் கதவோடு கட்டிவிட்டு மேலே ஏறி வந்தார். தோணி துறையை விட்டு விலகி, பாறையைத் தாண்டி, வெளிக்கடலைப் பார்த்துப் போனது. அவர் அதையே பார்த்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

"என்ன வேகம்! என்ன வேகம் வே!" என்றார்.

சிலுவைராயன் கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார். "அது யாரு தோணி? பாய் இல்ல, மரம் இல்ல, நங்கூரம் இல்ல, ஒரு துண்டுக் கயிறுகூட இல்ல. எந்த மடையன் இப்படி விட்டுட்டுப் போனான்?"

"சில தண்டலுக இருக்கானுக வே" என்றார் கஸ்பார் வருத்தத்தோடு. "கரையில விருந்துன்னு சொன்னா போதும், தோணியை மறந்துருவானுக."

எட்டுப் பேரும் அந்த மடையனை நினைத்து வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

அந்த நேரத்தில்தான் பஸ் வந்து நின்றது. பிரகாசி தலையில் அண்டாவோடு இறங்கினாள். தெருமுனையில் நின்று கடலைப் பார்த்தாள். காலியாகப் போகும் தோணியைப் பார்த்தாள். பிறகு திரும்பித் தன் வீட்டைப் பார்த்தாள். வீட்டின்மேல் பாய் பறந்துகொண்டிருந்தது.

"ஐயையோ! தோணி போவுதே! தோணி போவுதே!" என்று கத்திக்கொண்டு வீட்டைப் பார்த்து வேகவேகமாக வந்தாள்.

"ஆமா பிரகாசி, போறோம்!" என்று கஸ்பார் கூரைமேலிருந்து துண்டை வீசினார். "வேலை கெடச்சிருச்சு! நீ சொன்ன மாதிரியே ஒரு வித்தியாசம் தெரியாமச் செஞ்சோம்! அழாத, அடுத்த மாசம் வந்துருவேன்!"

"எறங்கும்! எல்லாரும் கீழ எறங்குங்க!"

"நடுக்கடல்ல எப்படி எறங்க?" என்று கேட்டார் கஸ்பார்.

கேட்ட பிறகுதான் அவருக்கே உறைத்தது. நடுக்கடல். அந்த நடுக்கடலில் பிரகாசி நேராக இவர்களைப் பார்த்து வந்துகொண்டிருந்தாள். நீந்தவில்லை. படகு இல்லை. கட்டுமரம் இல்லை. கால் நனையாமல் விறுவிறுவென்று நடந்து வந்துகொண்டிருந்தாள்.

சிரிப்பு நின்றுவிட்டது. சிலுவைராயன் தலைத்துண்டை அவிழ்த்தார். தஸ்நேவிஸ் சிலுவை போட்டுக்கொண்டான். எட்டுப் பேரும் ஓட்டின்மேல் முழந்தாள் படியிட்டார்கள்.

"ஓய்," என்று சிலுவைராயன் மெல்லக் கேட்டார், "தண்ணி மேல நடந்து வாராகளே, அது யாரு?"

"என் வீட்டுக்காரிதான் வே" என்றார் கஸ்பார், கூப்பிய கையை எடுக்காமல். "சாதாரணப் பொம்பள இல்லன்னு கலியாணத்தன்னிக்கே எனக்குத் தெரியும். ஆனா தலையில அண்டாவையும் வச்சுக்கிட்டு நடப்பான்னு நானே நெனைக்கல."